சாயத் தண்ணீருக்கு எந்த வழி: சொந்த ஆலையா, பொது நிலையமா, உப்பையே குறைப்பதா?

ஒரு கிலோ பனியன் துணிக்குக் கருநீலம் ஏற்ற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு போகும். சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் கிலோவுக்கு 7 லிட்டர் தண்ணீர் பிடித்தால் 420 கிராம் உப்பு. துணி ஒரு கிலோ, உப்பு கிட்டத்தட்ட அரைக் கிலோ. சாயத்தைத் தண்ணீரிலிருந்து பஞ்சுக்குள் தள்ளுவதுதான் உப்பின் வேலை. வேலை முடிந்ததும் போட்ட உப்பு அத்தனையும் வடிகாலுக்கு வந்துவிடும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூரின் நடுவே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யலில் பல ஆண்டுகள் இந்த உப்புதான் இறங்கியது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. எந்த வயலுக்காக அணை கட்டினார்களோ, அந்த வயல்காரர்களே மதகைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அது நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது.

ஆகவே திருப்பூரில் சாயம் போடுபவருக்குக் கழிவை ‘விடலாமா’ என்ற கேள்வியே இன்று இல்லை. ஒரு சொட்டும் வெளியே விடாத அந்த ஜீரோ டிஸ்சார்ஜை எந்த வழியில் எட்டுவது என்பதுதான் கேள்வி. புதிதாகத் தொடங்குபவர், உற்பத்தியைக் கூட்டுபவர், பழைய ஆர்ஓவை (தண்ணீரை மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வில் அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின்) மாற்றப் போகிறவர் என எல்லோர் முன்னாலும் நான்கு வழிகள் இருக்கின்றன: சொந்தச் சுத்திகரிப்பு ஆலை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராவது, சாய முறையையே மாற்றி உப்பைக் குறைப்பது, சாயத்தை வெளியே கொடுத்துவிடுவது. பலரும் முதல் இரண்டுக்கும் நடுவில்தான் யோசிக்கிறார்கள். எங்கள் பார்வையில் மூன்றாவதை முடித்துவிட்டு முதல் இரண்டுக்கு வர வேண்டும். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

முதலில் உப்புக் கணக்கு

நாளுக்கு 5 டன் துணி என்று வைத்துக்கொள்வோம். ப்ளீச்சிங், சாயம், சோப்பிங், அலசல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 50 லிட்டர் தண்ணீர். மொத்தம் 250 கன மீட்டர், அதாவது இரண்டரை லட்சம் லிட்டர். லைட்டும் டார்க்கும் கலந்து வந்தால் சராசரி உப்பு லிட்டருக்கு 30 கிராம். 1:7 தொட்டியில் (கிலோ துணிக்கு 7 லிட்டர் தண்ணீர்) கிலோ துணிக்கு 210 கிராம். 5 டன்னுக்கு 1,050 கிலோ. சோடா ஆஷ், காஸ்டிக், நியூட்ரல் செய்யும் ஆசிட் விட்டுப்போகும் உப்பு எல்லாம் சேர்ந்து தினமும் ஏறக்குறைய ஒன்றரை டன். இதை 250 கன மீட்டரில் கரைத்தால் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு, லிட்டருக்கு 6,000 மில்லிகிராம். வெளியேற்றத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் வரம்பு 2,100. குடிநீருக்கான இந்தியத் தரம் 500. வேறு ஆதாரமே இல்லையென்றால் 2,000 வரை.

நிறமும் நாற்றமும் போனால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். உப்பு போனதா என்று தெரியாது. கண்ணாடி டம்ளரில் பளிச்சென்று நிற்கும் தண்ணீரில் 6,000 இருக்கலாம். அந்தத் தண்ணீர் களிமண் வயலில் தொடர்ந்து பாய்ந்தால் சோடியம் மண் துகள்களைப் பிரித்து, துளைகளை அடைத்துவிடும். மேலே தண்ணீர் தேங்கி நிற்கும், வேருக்கு இறங்காது. மழைக்காலத்தில் சேறு, வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பு. கிணற்றில் ஏறிய உப்பு ஆற்றைச் சுத்தம் செய்த பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும்.

அடுத்தது செலவு எங்கே விழுகிறது என்பது. ஒரு கன மீட்டர் தண்ணீரை ஆர்ஓவில் தள்ள 4, 5 யூனிட் மின்சாரம் போதும். அதே ஒரு கன மீட்டரை ஆவியாக்கத் தேவையான வெப்பம் 600 யூனிட்டுக்கு மேல். எழுந்த ஆவியையே அமுக்கி அதன் வெப்பத்தை மறுபடி பயன்படுத்தும் எம்விஆர் மெஷின் இதை 20 முதல் 40 யூனிட்டில் முடிக்கிறது. நீராவியில் ஓடும் நான்கு கட்ட ஆவியாக்கி என்றால் ஒரு டன் தண்ணீருக்குச் சுமார் 300 கிலோ நீராவி. நம் 250 கன மீட்டரில் ஆர்ஓ 88 சதவீதம் மீட்டுக் கொடுத்தால், மீதி 30 கன மீட்டர் ரிஜெக்ட் (ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் உப்புத் தண்ணீர்) லிட்டருக்கு 50 கிராம் உப்போடு ஆவியாக்கிக்குப் போகும். எம்விஆரில் அதற்கு 900 யூனிட். நான்கு கட்ட ஆவியாக்கியில் 9 டன் நீராவி, விறகு பாய்லரில் ஏறக்குறைய 3 டன் விறகு. இதெல்லாம் ஒரே நாளுக்கு.

எட்டில் ஒரு பங்கு தண்ணீர்தான் பணப் பையைக் காலி செய்கிறது. ஆகவே வழிகளை ஒப்பிடும்போது ‘எவ்வளவு தண்ணீர் சுத்தமாகிறது’ என்று பார்க்காதீர்கள். ‘எவ்வளவு ஆவியாக்கிக்குப் போகிறது’ என்று பாருங்கள். நிலம் இருக்கிறதே, வெயிலில் காயப்போடலாமே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியாகும் என்றால் 30 கன மீட்டருக்கு 7,500 சதுர மீட்டர் வேண்டும், ஏறக்குறைய 2 ஏக்கர். உப்பு ஏற ஏற ஆவியாவது குறையும். ஐப்பசி மழையில் பாத்தி நிரம்பி வழியும்.

சொந்த ஆலை

கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில் இருப்பதுதான் இதன் பலம். பலவீனமும் அதேதான்.

வரிசை இப்படிப் போகும்: பஞ்சுத்தூளைப் பிடிக்கும் சல்லடை, ஒரு நாள் தண்ணீர் கொள்ளும் சேகரிப்புத் தொட்டி, குளிர்விப்பு, பிஎச் சரிசெய்தல், காற்றூட்டும் பயாலஜிக்கல் தொட்டி, தெளிவுத் தொட்டி, மணல் ஃபில்டர் அல்லது அல்ட்ரா ஃபில்டர், நிறம் நீக்கம், தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர், மூன்று நான்கு கட்ட ஆர்ஓ, ஆவியாக்கி, உப்பைப் படிகமாக்கும் பகுதி. ஒவ்வொன்றும் முந்தையதன் தவற்றைத் தாங்கிக்கொள்ளும் என்று நினைப்பதுதான் பெரும்பாலான ஆலைகளைக் கெடுக்கிறது. முந்தையதன் தவறு அடுத்ததில் பெருகித்தான் வரும்.

சில இடங்களில் மட்டும் நின்று பார்க்கலாம்.

சாயத் தண்ணீர் பிஎச் 10-ஐ ஒட்டி, சூடாக வரும். 38 டிகிரிக்கு மேல் பயாலஜிக்கல் தொட்டியின் கிருமிகள் தளர ஆரம்பிக்கும். அதனால் கூலிங் டவர் ஆடம்பரம் அல்ல. பிஎச் இறக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊற்றுகிறார்கள். அது விடும் குளோரைடு நேராக உப்புக்குள் போய்ச் சேரும். சாயத்துக்கு நீங்கள் போடுவது சோடியம் சல்ஃபேட் என்றால் நியூட்ரல் செய்வதும் சல்ஃப்யூரிக் ஆசிட்டாகத்தான் இருக்க வேண்டும். காரணம், சோடியம் சல்ஃபேட் குளிரூட்டினால் தானாகப் பிரியும் உப்பு. 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் அளவுக்குக் கரைவது, 0 டிகிரியில் 5 கிராம்தான் கரையும். கறியுப்புக்கு இந்தக் குணம் இல்லை. குளிரிலும் சூட்டிலும் 36 கிராமை ஒட்டியே நிற்கும். இரண்டும் கலந்துவிட்டால் சுத்தமாகப் பிரிப்பது கடினம். கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. அதைச் சாயத்துக்குப் போடவும் முடியாது, கொட்டவும் முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைக்க வேண்டியதுதான்.

சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தை உறைய வைக்கும் பழைய முறை இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. நிறம் போகும், சேறு மலையாகும், அது அபாயகரக் கழிவு. சுண்ணாம்பின் கால்சியம் மெம்பிரேனில் சுண்ணமாகப் படியும். பயாலஜிக்கலை ஒழுங்காக ஓட்டினால் இந்தச் சேற்றில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நிற்க வேண்டும். கிருமிகளுக்குத் தீனி விகிதம் பிஓடி (கிருமிகள் தின்னக்கூடிய கழிவின் அளவு) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1. சாயத் தண்ணீரில் இந்த இரண்டும் போதிய அளவில் இருப்பதில்லை. அதனால் யூரியாவும் பாஸ்பேட்டும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

மெம்பிரேனுக்கு மூன்று எதிரிகள். முதலாவது குளோரின். நிறம் நீக்கப் போட்ட ஹைப்போ என்ற குளோரின் கரைசல் மிச்சம் இருந்தால் பாலிஅமைடு மெம்பிரேன் அரித்துப்போகும், திரும்பச் சரியாகாது. ஆர்ஓவுக்கு முன் குளோரினைக் கொல்லும் சோடியம் பைசல்ஃபைட் டோஸிங் பம்ப் நின்றிருப்பது தெரியாமல் ஒரு ஷிஃப்ட் ஓடினாலே போதும். இரண்டாவது சிலிகா, அதைப் பின்னால் பார்ப்போம். மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை: ஃபினிஷிங்கில் துணியை மிருதுவாக்கப் போடும் கேட்டயானிக் (நேர்மின்) சாஃப்ட்னர். மெம்பிரேனின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் சாஃப்ட்னர் அதில் ஒட்டினால் கழுவிப் போகாது. அந்தத் தொட்டி வடிப்பை மட்டும் தனியாகப் பிடித்து, அடுத்த லாட்டுக்குத் திரும்பப் பயன்படுத்துவதே நல்லது. சுத்தத் தண்ணீர் அளவு 10 முதல் 15 சதவீதம் குறைந்ததும் கெமிக்கல் கழுவல் செய்துவிட வேண்டும். சுண்ணப் படிவுக்கு பிஎச் 2, கிருமிப் படிவுக்கு பிஎச் 11. ‘இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்’ என்று தள்ளினால் 3 வருடம் வரவேண்டிய மெம்பிரேன் ஒரே வருடத்தில் போகும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சல்ஃபேட் நிறைந்த தண்ணீர் காற்றில்லாமல் தேங்கினால் அதிலுள்ள கிருமிகள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக்கும். தீபாவளிக்கு நான்கு நாள் லீவு விட்டு, காற்றூட்டும் புளோயரையும் நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவார்கள். சேற்றைக் கிளறும்போதுதான் வாயு மேலே வரும். முட்டை அழுகிய வாடை அடிக்கும், பிறகு அடிக்காது. வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. 100 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) நெருங்கும்போது மூக்கின் உணர்வே மரத்துவிடும். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் விழுவார்கள். முதல் ஆள் விழுந்ததும் தூக்கப் போன இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாவதுதான் இந்த விபத்துகளின் வழக்கமான வடிவம். தொட்டிக்குள் இறங்கும் முன் புளோயரால் காற்று செலுத்தி, கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் தாண்டக்கூடாது. இறங்குபவர் இடுப்பு பெல்ட்டோடு முக்காலி விஞ்சில் கட்டப்பட்டிருக்க வேண்டும், மேலே ஓர் ஆள் நகராமல் நிற்க வேண்டும். சேறு அள்ளுவதைக் குத்தகைக்கு விட்டாலும் இந்தச் சாமான் எல்லாம் ஆலைக்காரர் பொறுப்பு.

சொந்த ஆலைக்கு ராத்திரி ஷிஃப்டிலும் தெரிந்த ஆள் வேண்டும். ஆவியாக்கியை அணைத்து அணைத்து ஓட்ட முடியாது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் குழாயில் உப்பு இறுகும். 50 கன மீட்டர் ஆலைக்கும் 300 கன மீட்டர் ஆலைக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் ஆள் தேவைப்படும். சின்னப் பட்டறைகள் சொந்த ஆலையில் தடுமாறுவது இங்கேதான்.

பொது நிலையம்

திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. உறுப்பினருக்கு நாளுக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் என்று ஒதுக்கீடு, முதலீட்டில் பங்கு, பிறகு லிட்டர் கணக்கில் கட்டணம். கழிவு குழாயில் போகும், சுத்தத் தண்ணீரும் உப்புக் கரைசலும் குழாயிலோ லாரியிலோ திரும்பி வரும். ஷிஃப்டுக்கு ஆள், லேப், வாரியத்தோடு பேச்சு எல்லாம் அவர்கள் தலையில். பெரிய ஆவியாக்கி என்பதால் ஒரு கன மீட்டருக்கான செலவும் குறையும்.

விலை என்னவென்றால், உங்கள் ஒழுக்கம் மற்றவர் ஒழுக்கத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது. இருபது பட்டறைகளில் இரண்டு பேர் சல்ஃபேட்டுக்குப் பதில் கறியுப்பு போட்டால் மொத்த நிலையத்தின் உப்பும் கலப்பாகிவிடும். 2011-ல் நிலையங்களும் சேர்த்தே மூடப்பட்டபோது, ஒழுங்காக நடந்த உறுப்பினரும் அதில் சிக்கினார். ஒதுக்கீடு உங்கள் உற்பத்தியின் உச்சவரம்பாகவும் ஆகிவிடும். ஆர்டர் வந்தால் மெஷின் வாங்கலாம். லிட்டர் வாங்க முடியுமா என்பது வேறு கதை.

சேரும் முன் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவதைவிட ஒரு சுற்று நடந்து பாருங்கள். கலப்பு உப்பு கொட்டகையில் எத்தனை மூட்டை, எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது? ஆவியாக்கி நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? லாக் புத்தகத்தில் பேனாவின் நிறமும் கையெழுத்தும் மூன்று ஷிஃப்டுக்கும் ஒன்றாகவே இருந்தால் அந்தப் புத்தகத்தை நம்ப வேண்டாம். கடைசியாக, திரும்பி வரும் உப்புக் கரைசலில் ஒரு பாட்டில் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பாட்டிலில் பார்க்க வேண்டியவை: நிறம், கடினத்தன்மை, பிஎச். சிலர் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மோசம் செய்வது பிஎச்தான். கரைசலில் சோடா ஆஷ் மிச்சம் இருந்தால், சாயம் துணி முழுக்கப் பரவுமுன்பே பிடித்துக்கொள்ளும். விளைவு திட்டுத்திட்டான கலர். குறிப்பாக டர்க்காய்ஸ், பச்சை. தொட்டிக்குள் விடுமுன் பிஎச் 6.5 முதல் 7-க்குள் கொண்டுவந்துவிட வேண்டும். கெட்டி உப்பாகத் திரும்பி வந்தால் இன்னொரு கண்ணி. குளிரூட்டிப் பிரித்த கிளாபர் படிகத்தின் (தண்ணீரையும் சேர்த்துப் படிகமான சோடியம் சல்ஃபேட்) எடையில் 56 சதவீதம் தண்ணீர், உப்பு 44 சதவீதம்தான். வெள்ளைத் தூள் உப்புக்கு எழுதிய ரெசிபியில் இந்தப் படிகத்தைக் கிராமுக்குக் கிராம் போட்டால் கலர் வெளுத்து வரும். சாயத்தின் மேல் பழி போடுவார்கள். 60 கிராம் வேண்டிய இடத்தில் 136 கிராம் போட வேண்டும்.

உப்பையே குறைப்பது

காசே அதிகம் செலவாகாத வேலை ஒன்று இருக்கிறது: வடிகாலை இரண்டாகப் பிரிப்பது.

1:7 தொட்டியில் 7 லிட்டரில் 3 லிட்டரைத் துணி பிடித்துக்கொள்கிறது. சாயம் முடிந்து திறக்கும்போது வடிவது 4 லிட்டர். உப்பில் 57 சதவீதம் அதில் போகிறது. அடுத்த அலசலில் மீதி உப்பு மறுபடி 7 லிட்டரில் கரைந்து, 4 லிட்டர் வடிகிறது. இன்னொரு 24 சதவீதம் போயிற்று. ஆக முதல் இரண்டு வடிப்பில் மட்டும் உப்பில் 80 சதவீதம். தண்ணீரிலோ 50 லிட்டரில் 8 லிட்டர்தான். மெஷின் அடியில் ஒரு டீ (T) குழாய் இணைப்பு, இரண்டு வால்வு, இரண்டு குழாய், இரண்டு தொட்டி. முதல் இரண்டு வடிப்பு உப்புத் தொட்டிக்கு, மற்றவை அலசல் தொட்டிக்கு. அலசல் தண்ணீரின் டிடிஎஸ் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், ஆர்ஓ சிரமமில்லாமல் ஓடும். உப்புத் தண்ணீர் ஏற்கெனவே கெட்டியாக இருப்பதால் நிறமும் கடினத்தன்மையும் நீக்கித் திரும்பவும் சாயத்துக்கே அனுப்பலாம். இது தோற்கும் இடம் ஒன்றே ஒன்று: வால்வை ஆபரேட்டர் கையால் திருப்ப வேண்டியிருப்பது. நள்ளிரவு 2 மணிக்கு அவர் மறப்பார். மெஷின் புரோகிராமிலேயே வால்வை இணைத்துவிடுங்கள்.

அடுத்தது லிக்கர் ரேஷியோ, அதாவது துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். பழைய விஞ்ச் சாய மெஷினின் 1:20-ல் கருநீலத்துக்கு உப்பு கிலோவுக்கு 1,200 கிராம். 1:7-ல் 420. 1:5-ல் 300. விஞ்ச் வைத்திருப்பவர் சுத்திகரிப்பைப் பற்றிப் பேசுமுன் விஞ்சைப் பழைய இரும்புக்குப் போடலாம். ஆனால் 1:7-லிருந்து 1:5-க்குப் போகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். மெஷின் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். ப்ளீச்சிங் முடிந்த ஈரத்துணி ஏற்கெனவே 3 லிட்டரைப் பிடித்திருக்கிறது. 1:5-ல் நீங்கள் புதிதாகச் சேர்க்க இடம் 2 லிட்டர்தான். திரும்பி வரும் உப்புக் கரைசல் லிட்டருக்கு 100 கிராம் என்றால் 200 கிராம் மட்டுமே உள்ளே போகும். டார்க்குக்கு வேண்டியது 300. மீதி 100 கிராமைக் கெட்டி உப்பாகத்தான் போட வேண்டும். ஆகவே குறைந்த தண்ணீர் மெஷினை வாங்கும்போதே, உங்கள் பொது நிலையமோ சொந்த ஆலையோ கரைசலை எந்த அடர்த்தியில் தரும் என்று கேட்டுவிடுங்கள். லைட், மீடியம் கலரில் இந்தச் சிக்கல் வராது.

சாயத்தை மாற்றுவது மூன்றாவது படி. இரட்டைப் பிடிப்புள்ள ரியாக்டிவ் சாயங்கள் (பஞ்சோடு வேதியியலாகப் பிணையும் சாயங்கள்) குறைந்த உப்பிலேயே ஏறும், துணியில் பிடிக்கும் பங்கும் அதிகம். கிலோ விலை கூடுதல். வாங்கும் டிபார்ட்மென்ட் அதைப் பார்த்து நிராகரித்துவிடும். சுத்திகரிப்புச் செலவு வேறு கணக்குப் புத்தகத்தில் இருப்பதால் மிச்சமானது யார் கண்ணிலும் படாது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால்தான் இந்த முடிவு சரியாக வரும். ப்ளீச்சிங்குக்குப் பின் மிச்சப் பெராக்சைடைக் கொல்ல கேட்டலேஸ் என்சைம் போட்டால் ஒரு அலசலாவது மிச்சம்.

உப்பே இல்லாமல் செய்வதற்கு கோல்ட் பேட் பேட்ச் இருக்கிறது. சாயத்தையும் காரத்தையும் கடைசி நிமிடத்தில் 4:1 பம்ப்பில் கலந்து, அகலவாக்கில் துணியை நனைத்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, பாலித்தீன் போர்த்தி, சாதாரண அறை வெப்பத்தில் 12 முதல் 16 மணி நேரம் மெதுவாகச் சுழல விடுவது. பிறகு அலசல். சூடாக்கும் செலவும் இல்லை. பிரச்சினைகளும் உண்டு. குழாய் வடிவத் துணியை வெட்டி அகலமாக்க வேண்டும், சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருளும். போர்வையில் ஓட்டை இருந்தால் ஓரம் வேறு கலராக வரும். 200 கிலோ லாட்டுக்கு இது கட்டாது. ஒரே கலரில் டன் கணக்கில் ஓடுபவருக்குத்தான் லாபம். முன்னால் சொன்ன சிலிகா எதிரி இங்கேதான் வருகிறது. இந்த முறையில் காரம் நிலையாக நிற்க சோடியம் சிலிக்கேட் போடுவது பழைய வழக்கம். அந்தச் சிலிக்கேட் அலசலில் இறங்கி, ஆர்ஓவில் கண்ணாடி போல் படியும். சாதாரண ஆசிட் கழுவலில் அது போகாது. உப்பை மிச்சம் பிடித்து மெம்பிரேனைத் தொலைத்த கதையாகிவிடும். சிலிக்கேட் இல்லாத காரக் கலவையைத்தான் எடுக்க வேண்டும்.

பஞ்சையே நேர்மின் தன்மையாக்கி உப்பில்லாமல் சாயம் ஏற்றும் கேட்டயானைசேஷனும் உண்டு. கலர் அபாரமாக ஏறும். சீராக ஏறுமா என்பதுதான் சந்தேகம். முன் தயாரிப்பில் கெமிக்கல் கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பிடித்தாலும் சாயம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மீன் வாடை, வெளிச்சத்தில் வெளுப்பது போன்ற புகார்களும் வரும். இப்போதைக்கு விண்டேஜ் வாஷ் தோற்றம் கேட்கும் ஆர்டருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

போகிற போக்கில் ஒன்று: ரியாக்டிவ் சாயத் தூள் மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். தராசு அறையில் ஃபேன் போட்டுக்கொண்டு தூளை அள்ளுவது எல்லாப் பட்டறையிலும் பார்க்கிற காட்சி. ஃபேனை நிறுத்தி, தராசுக்குப் பின்னால் உறிஞ்சும் குழாய் வைத்து, பொருத்தமான தூசி மாஸ்க் கொடுங்கள். முகத்தில் கட்டிய துண்டு போதாது.

வெளியே கொடுப்பது

ஏற்றுமதி கார்மென்ட் நடத்துபவருக்கு இது இயல்பான வழி. ஆனால் பொறுப்பு வெளியே போகாது. துணி வாங்கும் பையரின் கெமிக்கல் ஆடிட் சாயம் போட்ட இடம் வரை வரும். 2011-க்குப் பிறகு சாயம் அனுமதியில்லாமல் பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். ஜாப் வொர்க் (வெளிப் பட்டறையில் கூலிக்குச் சாயம்) கொடுக்குமுன் ஒரு வகுத்தல் போதும். அந்தப் பட்டறையின் ஒதுக்கீடு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர், கிலோவுக்கு 50 லிட்டர் என்றால் 2 டன்தான் சாயம் போட முடியும். அவர் 5 டன் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மீதி 3 டன்னின் தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு நல்ல பதில் கிடையாது.

கிரே மெலாஞ்ச், சாயம் கலந்தே இழுத்த பாலியஸ்டர் நூல் என்று வாங்கினால் துணிக்குச் சாயமே வேண்டாம். கலர் வகை குறைவு. ஸ்போர்ட்ஸ் வேர் செய்பவர் யோசிக்கலாம்.

யாருக்கு எது

நாளுக்கு 100 கன மீட்டருக்குள் கழிவு வருபவர் சொந்த ஆலையை மறந்துவிடலாம். ஆவியாக்கியும் ஆள் செலவும் தாங்காது. பொது நிலையத்தில் ஒதுக்கீடு இல்லையென்றால் ஜாப் வொர்க். 300-க்கு மேல் போனவருக்கு, ஒரே பையருக்குத் தொடர்ந்து ஓடுபவராக இருந்தால், சொந்த ஆலை நியாயம். உப்பின் தரம் கையில் இருப்பதே கலர் ரிப்பீட்டைக் காப்பாற்றும். நடுவில் இருப்பவர்கள்தான் குழம்புகிறார்கள். அவர்களுக்கு எங்கள் யோசனை: வடிகாலைப் பிரித்து, ரெசிபியைச் சரிசெய்து, நம் 5 டன் பட்டறையை 50 லிட்டரிலிருந்து 35-க்குக் கொண்டுவாருங்கள். 250 கன மீட்டர் 175 ஆகும். உப்பு பாதியானால் ரிஜெக்ட்டும் 30-லிருந்து 15-க்கு இறங்கும். அந்த எண்ணோடு போனால் பொது நிலையத்தில் பழைய ஒதுக்கீட்டிலேயே 7 டன் சாயம் போடலாம். சொந்த ஆலைதான் என்றாலும் பாதி ஆவியாக்கி போதும். முதலில் ஆலையைக் கட்டிவிட்டுப் பிறகு உப்பைக் குறைத்தவர், 30 கன மீட்டர் ஆவியாக்கியில் 15-ஐ ஓட்டிக்கொண்டு வங்கிக்கு வட்டி கட்டுவார்.

எந்த வழியானாலும் விலைப்புள்ளி கேட்குமுன் 30 நாள் அளவெடுங்கள். நான்கு மீட்டர்: உள்ளே வரும் தண்ணீர், சாயத் தொட்டி வடிப்பு, அலசல் வடிப்பு, பாய்லர் தண்ணீர். ஒவ்வொரு ஷிஃப்டிலும் மீட்டர் எண், டிடிஎஸ், பிஎச், வெப்பம், அன்று ஓடிய துணியின் கிலோ, ஸ்டோரிலிருந்து இறங்கிய உப்பு, சோடா ஆஷ், காஸ்டிக், ஆசிட். ஸ்டோர் கணக்கும் டிடிஎஸ் கணக்கும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் மீட்டர் தவறாக இருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒரு குழாய் நீங்கள் அறியாத இடத்துக்குப் போகிறது.

ஆலை போட்டுத் தருபவரின் ஒப்பந்தத்தில் சுத்தத் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்ற உத்தரவாதம் எப்போதும் இருக்கும். அது எல்லோராலும் கொடுக்க முடிந்தது. எழுதி வாங்க வேண்டியவை வேறு நான்கு: நாளுக்கு ஆவியாக்கிக்குப் போகும் கன மீட்டர், ஒரு கன மீட்டருக்கு மொத்த யூனிட், திரும்பி வரும் உப்பின் அடர்த்தியும் பிஎச்சும், மாதத்துக்கு மிஞ்சும் கலப்பு உப்பின் கிலோ. நான்காவது எண்ணைக் கேட்டதும் சிலர் பேச்சை மாற்றுவார்கள். அவர்களிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.